மஞ்சள் அட்டை எங்கே?

"எல்லாம் இருக்கு. அது மட்டும் இல்ல."

இன்ஸ்பெக்டரம்மா இப்படிச் சொன்னபோது காலை மணி ஒன்பது ஐம்பது. ஆறாவது மாடி, அறுநூற்றுப் பதினான்காம் எண் அறை. கட்டிலின் வெள்ளைப் போர்வை மேல் நீல நிற ஃபைல் ஒன்று வாயைப் பிளந்து கிடக்க, அதன் வயிற்றில் இருந்த காகிதங்கள் வெளியே வந்திருந்தன.

பாத்ரூமிலிருந்து கம்பவுண்டர் எட்டிப் பார்த்தார். முகத்தில் பாதிக்கு சோப்பு நுரை.

"எது இல்ல?"

"மஞ்சள் அட்டை. தடுப்பூசி போட்டப்ப குடுத்தாங்களே, அது. உங்களது உங்க ஃபைல்ல இருக்கு. என்னோடது காணோம்."

"நல்லாத் தேடு. கண்ணாடிய நெத்தியில ஏத்தி வெச்சுக்கிட்டு வீடு பூரா கண்ணாடி தேடின ஆளு நீ."

"கண்ணாடி மூக்குலதான் இருக்கு."

"அப்ப விஷயம் சீரியஸ்தான்" என்று கம்பவுண்டர் மிச்ச நுரையைக் கழுவப் போனார்.

சீரியஸ்தான். கிரைம் பிராஞ்சில் இருபத்தொன்பது வருஷம் குப்பை கொட்டி ஓய்வு பெற்றவர் இன்ஸ்பெக்டரம்மா. கணவர் அரசு மருத்துவமனையில் ஜன்னல் கம்பிக்குப் பின்னால் நின்று மருந்து கொடுத்தே தலை நரைத்தவர். ஓய்வு பெற்றாலும் 'கம்பவுண்டர்' என்ற பெயர் அவரை விடுவதாக இல்லை, அவருடைய வாயும் ஓய்வதாக இல்லை. இருவரும் ஒரு வருஷத் தொண்டுக்குக் கிளம்பியிருந்தார்கள். எங்கேயோ ஒரு மலை மேல் அகதிகள் முகாம். பதினோராயிரம் பேர். அங்கே கம்பவுண்டருக்கு மருந்துக் கிடங்கைப் பார்த்துக்கொள்ளும் வேலை. இன்ஸ்பெக்டரம்மாவுக்கு இன்னும் பெரிய வேலை. மூன்று மாதத்தில் அந்த முகாமிலிருந்து ஒன்பது பெண் குழந்தைகள் காணாமல் போயிருந்தார்கள். தாய்மார்களிடம் உட்கார்ந்து பேசி விஷயத்தை வாங்கத் தெரிந்த ஒரு பெண் போலீஸ் வேண்டும் என்று கேட்டிருந்தார்கள். அறுபத்திரண்டு வயது முடிந்தவர்களை எடுக்கமாட்டார்கள். இன்ஸ்பெக்டரம்மாவுக்கு அது முடிய ஏழு வாரம்தான் பாக்கி. இந்த விமானத்தை விட்டால் விட்டதுதான்.

இந்த நகரத்தில் அவர்களுக்கு உறவும் இல்லை, வேலையும் இல்லை. நேற்று மதியம் ஒரு விமானத்திலிருந்து இறங்கினார்கள், இன்று மூன்று நாற்பதுக்கு அடுத்ததில் ஏற வேண்டும். நடுவில் ஒரு நாள் ஓட்டல் வாசம், அவ்வளவுதான். மஞ்சள் அட்டை இல்லாதவர்களை அந்த விமானத்தில் ஏற்றமாட்டார்கள். நகல் செல்லாது. புதிதாக ஊசி போட்டுக்கொண்டாலும் பத்து நாள் கழித்துத்தான் செல்லுபடியாகும்.

"கடைசியா எப்பப் பார்த்த?" கம்பவுண்டர் துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டே வந்து பக்கத்தில் நின்றார்.

"நேத்து கீழே, ரிசப்ஷன்ல. நகல் எடுக்கணும்னு ஃபைலை மொத்தமா உள்ள கொண்டுபோனாங்க. திருப்பிக் குடுத்ததும் மேசை டிராயர்ல வெச்சேன். எண்ணிப் பார்க்கல." அதைச் சொல்லும்போது இன்ஸ்பெக்டரம்மாவுக்குத் தன் மேலேயே எரிச்சலாக வந்தது. "இத்தனை வருஷத்துல கைக்கு வந்த எந்த ஃபைலையும் எண்ணாம வாங்கினதில்ல. நேத்து ஊர் பார்க்கிற குஷியில கோட்டை விட்டுட்டேன்."

"சாயங்காலம் ஆத்தோரமா நடந்தப்ப நீ சிரிச்ச. அப்பவே எனக்கு பயமா இருந்துச்சு."

"விளையாடாதீங்க. இங்க பாருங்க, அடுக்கு மாறியிருக்கு. பாஸ்போர்ட் எப்பவும் மேல இருக்கும். இப்ப அடியில கிடக்கு. ஓட்டல் ரசீது மேல வந்திருக்கு."

"தலைகீழாக் கவுத்துட்டு அள்ளி வெச்சிருப்பான்."

"யாரு?"

"அதைக் கண்டுபிடிக்கத்தான் உன்னை வெச்சிருக்கு. நான் வெறும் எடுபிடி."

லிஃப்டில் இறங்கினார்கள். ரிசப்ஷனுக்குப் பின்னால் ஒரு குட்டி அறை. அதில் நகல் இயந்திரம், ஒரு வாடிய செடி, கால் உடைந்த நாற்காலி. மேனேஜர் கழுத்தில் டையும் முகத்தில் தூக்கமுமாக இருந்த இளைஞன். இன்ஸ்பெக்டரம்மா ஆங்கிலத்தில் கேட்டதற்கு அவனும் தட்டுத் தடுமாறி ஆங்கிலத்தில் பதில் சொன்னான். இரண்டு பேருக்குமே அது சொந்த மொழி இல்லாததால் ஒருவர் சொன்னது மற்றவருக்கு நன்றாகவே புரிந்தது.

"மூடிய தூக்கிப் பாரு" என்றார் கம்பவுண்டர். "உலகத்துல காணாமப்போன காகிதத்துல பாதி ஜெராக்ஸ் மெஷின் மூடிக்கு அடியிலதான் இருக்கு."

தூக்கினார்கள். ஒரு காகிதம் இருக்கத்தான் செய்தது. யாரோ ஒரு தாடிக்காரரின் திருமணச் சான்றிதழ்.

"பாவம், தப்பிச்சிட்டான்" என்றார் கம்பவுண்டர்.

இன்ஸ்பெக்டரம்மா சிரிக்கவில்லை. நேற்று எடுத்த நகல்கள் எங்கே என்று கேட்டார். மேனேஜர் ஒரு தட்டிலிருந்து எடுத்துக் கொடுத்தான். எடுத்தவன் சோம்பேறித்தனத்தில் எதையும் பிரிக்காமல் ஃபைலில் இருந்தது அத்தனையையும் வரிசையாக நகல் எடுத்துத் தள்ளியிருந்தான். முதலில் பாஸ்போர்ட், இரண்டாவது மஞ்சள் அட்டை, மூன்றாவது முகாமின் அழைப்புக் கடிதம். கடைசியாக ஓட்டலுக்கு முன்பணம் கட்டிய ரசீது. இன்ஸ்பெக்டரம்மா வீட்டில் அடுக்கிய அதே அடுக்கு, துளி மாறவில்லை.

"சரி. இவங்க மேல தப்பில்ல" என்று தமிழில் சொன்னார். "அட்டை இங்கேர்ந்து பத்திரமாத்தான் மேல வந்திருக்கு. அடுக்கு கலைஞ்சது நம்ம ரூம்ல வெச்சுத்தான்."

"நம்ம ரூமுக்கு யார் வந்தா?"

அதற்கும் மேனேஜரிடமே பதில் இருந்தது. கதவைத் திறக்கும் சாவி அட்டைகளை ஓட்டலின் கம்ப்யூட்டர் கணக்கு வைத்திருந்தது. நேற்று மதியத்திலிருந்து தம்பதிகளின் அட்டை தவிர வேறொரு அட்டை ஒரே ஒரு முறை அந்தக் கதவைத் திறந்திருக்கிறது. இன்று காலை ஏழு பத்துக்கு. அந்த நேரத்தில் அவர்கள் இருவரும் கீழே ரொட்டி தின்றுகொண்டிருந்தார்கள்.

"துப்புரவுப் பெண்" என்றான் மேனேஜர். தூக்கம் கலைந்துவிட்டது. "கவலைப்படாதீங்க. அஞ்சு நிமிஷத்துல விசாரிச்சு இன்னிக்கே வேலைய விட்டுத் தூக்கிடறேன்."

"முதல்ல விசாரணை, அப்புறம் தீர்ப்பு" என்றார் இன்ஸ்பெக்டரம்மா. "உங்க ஊர்ல எப்படியோ."

"அந்தப் பொண்ணு எடுத்திருக்காது" என்றார் கம்பவுண்டர் சட்டென்று.

"பார்க்காமலே எப்படிச் சொல்றீங்க?"

"மனசுல படுது."

வேறு யாராவது அப்படிச் சொல்லியிருந்தால் இன்ஸ்பெக்டரம்மாவுக்கு மூக்கில் வியர்த்திருக்கும். சொன்னது கம்பவுண்டர். அவர் மனசில் தினமும் நாற்பது விஷயம் படும், முப்பத்தொன்பதைக் காதில் போட்டுக்கொள்ளாமல் பழகிவிட்டார் இன்ஸ்பெக்டரம்மா. குடும்பம் நடத்த வேண்டாமா?

மேனேஜரின் அறையில் உட்கார்ந்தார்கள். தட்டில் தேநீரும், விரல் நீளத்துக்குப் பால் பவுடர் பொட்டலங்களும், பிஸ்கட்டும் வந்தன. பின்னாலேயே அந்தப் பெண் வந்தாள். நாற்பது வயது இருக்கும். கையில் ரப்பர் உறை, தலையில் இறுக்கிக் கட்டிய துணி. மேனேஜர் அவர்கள் மொழியில் ஏதோ கத்தினான். அவள் அழவில்லை. உறையைக் கழற்றினாள். இடுப்பில் கட்டியிருந்த ஏப்ரனின் இரண்டு பைகளையும் வெளியே இழுத்து மேசை மேல் கவிழ்த்தாள். ஒரு சீப்பு, ஒரு சாவி, அரை பென்சில், காகிதம் பிரிக்காத மிட்டாய் ஒன்று. காலணியையும் கழற்றி மேசை மேலேயே வைத்தாள். பிறகு இன்ஸ்பெக்டரம்மாவின் முகத்துக்கு நேரே பார்த்து ஏதோ சொன்னாள்.

"என்ன சொல்றா?"

மேனேஜர் நெளிந்தான். "ரெண்டு துண்டு மாத்தினேன், ஒரு சோப்பு வெச்சேன், படுக்கைய தட்டிப் போட்டேன், டிராயரத் தொடல, இன்னும் ஏதாவது கழட்டிக் காட்டணுமான்னு கேக்கறா."

இன்ஸ்பெக்டரம்மாவுக்கு உடம்பு கூசியது. எத்தனை பேரை இப்படி நிற்க வைத்திருப்பார்! ஆனால் இந்தப் பார்வைக்கு முன்னால் தானே குற்றவாளிக் கூண்டில் நிற்பதுபோல் இருந்தது. அவளைக் காலணியை மாட்டிக்கொள்ளச் சொல்லி, நாற்காலியை இழுத்துப் போட்டு உட்காரச் சொன்னார்.

பிறகு வாய்விட்டே யோசித்தார். அது அவருடைய பழக்கம். எதிரில் யாராவது தலையாட்டிக்கொண்டிருந்தால் போதும், புத்தி ஓடும். தலையாட்டத்தான் முப்பத்தாறு வருஷமாக ஒருவர் இருந்தாரே.

"இங்க பாருங்க. அந்த அட்டைய வித்தா யாரும் வாங்கமாட்டாங்க. அதுல என் பேரு இருக்கு. பக்கத்துலயே பாஸ்போர்ட் இருந்துச்சு, தொடல. டிராயர்ல என் கைக்கடிகாரம் இருந்துச்சு, அதையும் தொடல. எடுத்தவங்களுக்கு அட்டை தேவையில்ல. நான் விமானம் ஏறக்கூடாது, அவ்வளவுதான் தேவை. அதுவும் நான் மட்டும். உங்க அட்டை அப்படியே இருக்கு. இந்த ஊர்ல என்னை யாருக்குத் தெரியும்? நான் போகக்கூடாதுன்னு நினைக்கிறவங்க இங்க யாரு?"

வாய் ஓயாத கம்பவுண்டர் வாயை மூடிக்கொண்டிருந்தார். கை மட்டும் ஓயவில்லை. தட்டில் கலைந்து கிடந்த பால் பவுடர், சர்க்கரை, காபித்தூள் பொட்டலங்களை ஒவ்வொன்றாகப் புரட்டி, அச்சடித்த தேதியைக் கண்ணைச் சுருக்கிப் படித்து, வரிசை கட்டிக்கொண்டிருந்தார். சீக்கிரம் கெட்டுப்போவது முன்னால், நாள்படத் தாங்குவது பின்னால். மருந்துக் கிடங்கின் முதல் பாடம் அது. வீட்டில் மசாலாப் பொட்டலம் முதல் ஊறுகாய் ஜாடி வரை அப்படித்தான் அடுக்குவார். தான் அடுக்குகிறோம் என்பதே அவருக்குத் தெரியாது.

இன்ஸ்பெக்டரம்மா அந்தக் கையையே பார்த்தார். பிறகு மெதுவாக மடியில் இருந்த நீல ஃபைலைத் திறந்தார்.

முதலில் ஓட்டல் ரசீது. இன்று பகல் பன்னிரண்டோடு முடிகிறது. அடுத்து விமான டிக்கெட். இன்று மூன்று நாற்பது. அடுத்து இந்த நகரத்தில் தங்கும் அனுமதி. நாளை வரை. அடுத்து போலீஸ் நன்னடத்தைச் சான்று, மூன்று மாதம். விசாவும் அழைப்புக் கடிதமும், ஒரு வருஷம். காப்பீடு, பதின்மூன்று மாதம். அடியில் பாஸ்போர்ட், இன்னும் ஆறு வருஷம்.

யாரும் தலைகீழாகக் கவிழ்க்கவில்லை. காலாவதித் தேதி பார்த்து அடுக்கியிருக்கிறார்கள்.

உலகத்தில் எந்தத் திருடன் திருடிவிட்டு மிச்சத்தைக் காலாவதித் தேதிப்படி அடுக்கி வைப்பான்?

இன்ஸ்பெக்டரம்மா ஃபைலை மூடினார். கோபம் அப்புறம்தான் வந்தது. மேனேஜரைப் பார்த்துப் புன்னகைத்தபடி, குரலை உயர்த்தாமல், தமிழில் ஆரம்பித்தார்.

"அட்டை எந்தப் பையில இருக்கு? சட்டையா, பேண்ட்டா?"

கம்பவுண்டரின் கை ஒரு சர்க்கரைப் பொட்டலத்தோடு அந்தரத்தில் நின்றது.

"என்ன அட்டை?"

"சிரிச்சுக்கிட்டே பேசுங்க. ரெண்டு பேர் பார்த்துக்கிட்டு இருக்காங்க. நேத்து சாயங்காலம் நான் குளிக்கப் போனப்ப எடுத்தீங்க. எடுத்துட்டு மிச்சத்த அழகா அடுக்கி வெச்சிருக்கீங்க பாருங்க, இந்தத் தட்டுல அடுக்கின மாதிரியே."

கம்பவுண்டர் தட்டைப் பார்த்தார். ஃபைலைப் பார்த்தார். திருதிருவென்று விழித்தார்.

"அடப்பாவி கையே" என்றார்.

"உங்க கணவர் என்ன சொல்றாரு?" என்று மேனேஜர் கேட்டான்.

"உங்க தேநீர் பிரமாதமாம்" என்றார் இன்ஸ்பெக்டரம்மா. மறுபடி தமிழ். "சொல்லுங்க. மலை, குளிர், இவளுக்கு ஏதாவது ஆயிடும்னு பயந்தீங்களா?"

"உனக்கா? உன்னப் பார்த்து அந்த மலை பயப்படணும்." பழக்கதோஷத்தில் வந்த கிண்டல் பாதியில் உடைந்தது. கம்பவுண்டர் ஃபோனை எடுத்து மேசை மேல் தள்ளினார். "நேத்து அஞ்சரைக்கு வந்துச்சு. படி."

முகாம் அலுவலகத்தின் கடிதம். கம்பவுண்டரின் இதயப் பரிசோதனை அறிக்கையை அவர்களுடைய டாக்டர் மறுபடி பார்த்திருக்கிறார். ஒன்பதாயிரம் அடி உயரத்துக்கு அந்த இதயம் தாங்காது, அனுமதிக்க முடியாது, வருந்துகிறோம். துணைவியார் தனியாக வரலாம், அவசரமாகத் தேவைப்படுகிறார். வருவது உறுதியா என்று இன்று பகல் பன்னிரண்டுக்குள் சொல்லவும். போன வாரம் இன்னொரு குழந்தையும் காணாமல் போயிருக்கிறது, பத்தாவது.

மணி பதினொன்று பத்து.

"பத்தாவது குழந்தைன்னு போட்டிருக்கு. அதைப் படிச்சுட்டுமா எடுத்தீங்க?"

"படிச்சுட்டுத்தான்." கம்பவுண்டர் தலையைக் குனிந்துகொண்டார். "உன்மேல இருக்கிற அக்கறையில பண்ணேன்னு பொய் சொல்லத் தோணுது. இல்ல. பொறாமை. அவமானம். ஊர் பூரா சொல்லிட்டு வந்தேன், மாலை போட்டு அனுப்பினாங்க. இப்ப நான் மட்டும் பெட்டியத் தூக்கிட்டுத் திரும்பணும், நீ மட்டும் போவ. அட்டை தொலைஞ்சா ரெண்டு பேரும் சேர்ந்து திரும்பலாம், யார் மேலயும் தப்பு இல்லாம. அப்படி ஒரு கேவலமான புத்தி."

"கிழிச்சுப் போட்டிருக்கலாமே?"

"மருந்துச் சீட்டக் கிழிச்ச கை இல்ல இது" என்று பேண்ட் பையிலிருந்து மஞ்சள் அட்டையை எடுத்து வைத்தார். மடங்காமல், கசங்காமல், பிளாஸ்டிக் உறையில் போட்டு வைத்திருந்தார் அந்தத் திருடர்.

மேனேஜர் எழுந்தே விட்டான். துப்புரவுப் பெண் அட்டையைப் பார்த்தாள், கம்பவுண்டரைப் பார்த்தாள். அவளுக்கு எந்த மொழியும் தேவைப்படவில்லை.

"இப்ப இவங்களுக்கு ஆங்கிலத்துல சொல்லுங்க" என்றார் இன்ஸ்பெக்டரம்மா. "நான் சொல்லமாட்டேன். நீங்களே சொல்லணும்."

கம்பவுண்டர் எழுந்து நின்று சொன்னார். மென்று விழுங்காமல் சொன்னார். நான்தான் எடுத்தேன், இந்தப் பெண் மேல் ஒரு தப்பும் இல்லை, இவளை வேலையை விட்டு நீக்கினால் நான் இந்த வாசலிலேயே உட்கார்ந்துகொள்வேன், எனக்கு இனிமேல் போவதற்கு ஓர் இடமும் இல்லை. பிறகு அவளைப் பார்த்துக் கை கூப்பினார்.

அவள் அவர்கள் மொழியில் நீளமாக நாலு வாக்கியம் சொன்னாள். மேனேஜர் வாயைத் திறந்தான்.

"மொழிபெயர்க்க வேண்டாம்" என்றார் கம்பவுண்டர். "நல்லாவே புரிஞ்சுது."

அவள் சீப்பையும் சாவியையும் பென்சிலையும் பைக்குள் போட்டுக்கொண்டு, மிட்டாயைப் பிரித்து வாயில் போட்டபடி வெளியே போனாள். விசாரணை முடிந்த ஒருத்தி இவ்வளவு தலை நிமிர்ந்து போய் இன்ஸ்பெக்டரம்மா பார்த்ததில்லை.

அறைக்குத் திரும்பியதும் கம்பவுண்டர் ஜன்னலைப் பார்த்து நின்றுகொண்டார். கீழே பெயர் தெரியாத தெருவில் பெயர் தெரியாத மனிதர்கள் தங்கள் வேலையைப் பார்த்துப் போய்க்கொண்டிருந்தார்கள்.

"தனியாப் போவியா?"

இன்ஸ்பெக்டரம்மா கட்டிலில் உட்கார்ந்தார். ஒரு வருஷம். காலையில் எழுந்ததும் இந்த வாய் இருக்காது. தலையாட்ட ஆள் இருக்காது. நினைத்தாலே பயமாகத்தான் இருந்தது, அழுகையும் வந்தது. அழுதார். அழுதபடியே பெட்டியைத் திறந்து கம்பவுண்டருடைய ஸ்வெட்டரை வெளியே எடுத்துப் போட்டுத் தன் ஸ்வெட்டரை உள்ளே வைத்தார்.

"ரெண்டு தடவை எனக்கு டி.எஸ்.பி. உத்தியோகம் வந்துச்சு. முதல் தடவை உங்கம்மா படுத்த படுக்கையா இருந்தாங்க, வேண்டாம்னு எழுதிக் குடுத்தேன். ரெண்டாவது தடவை பையனுக்குப் பன்னெண்டாம் வகுப்பு. அப்பவும் எழுதிக் குடுத்தேன். ரெண்டு தடவையும் கடிதத்தைத் தபால்ல போட்டது நீங்கதான். ஞாபகம் இருக்கா?"

"இருக்கு."

"மூணாவது கடிதம் எழுதமாட்டேன். நீங்க திருடினாலும் எழுதமாட்டேன், காலப் பிடிச்சாலும் எழுதமாட்டேன். அங்க பத்துத் தாய்ங்க உக்காந்திருக்காங்க. நான் போறேன்."

கம்பவுண்டர் திரும்பினார். கண் சிவந்திருந்தது. "அப்ப நான்?"

"மருந்துக் கிடங்குக் கணக்கு வீட்டுல உக்காந்தும் பார்க்கலாம். அவங்ககிட்ட கேளுங்க. கேக்க வெக்கமா இருந்தா வீட்டுல ஒட்டடை அடிங்க. ஒண்ணு மட்டும் சொல்லிடறேன், மன்னிச்சிட்டேன்னு மனக்கோட்டை கட்டாதீங்க. அத வந்து வெச்சுக்கறேன்."

"ஒரு வருஷம் கழிச்சா திட்டுவ?"

"சேர்த்து வெச்சு."

பதினொன்று ஐம்பதுக்கு ஃபோனை எடுத்து, வருகிறேன் என்று இன்ஸ்பெக்டரம்மா தன் கையாலேயே பதில் அனுப்பினார். கம்பவுண்டர் மனைவியின் பெட்டியை இறுக்கி மூடி, பூட்டி, லிஃப்ட் வரை தானே உருட்டிக்கொண்டு போனார்.

விமான நிலையத்தில் கண்ணாடித் தடுப்பு வரைதான் கம்பவுண்டருக்கு அனுமதி. அங்கே ஏதாவது கிண்டல் சொல்வார் என்று இன்ஸ்பெக்டரம்மா எதிர்பார்த்தார். அவர் சொல்லவில்லை. பெட்டியின் கைப்பிடியை மனைவியின் கையில் கொடுத்துவிட்டு, "போ" என்றார், அவ்வளவுதான். அது அவருக்கு எவ்வளவு கஷ்டமான ஒற்றைச் சொல் என்பது முப்பத்தாறு வருஷம் கூட இருந்தவருக்குத் தெரியாதா!

கவுண்டரில் இருந்த இளம்பெண் டிக்கெட்டைப் பார்த்தாள், திரையைப் பார்த்தாள்.

"ரெண்டு பேர் பேர்ல பதிவாகியிருக்கு. கூட வர்றவரு?"

இன்ஸ்பெக்டரம்மா கண்ணாடிக்கு அப்பால் கையைக் காட்டினார். ஜன நெரிசலில் கம்பவுண்டர் குதிகாலைத் தூக்கி நின்று இந்தப் பக்கம் எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"அவர் வரல."

"ஒரு வருஷ விசா. தனியாவா? பயமா இல்லையா உங்களுக்கு?"

"இருக்கு" என்றார் இன்ஸ்பெக்டரம்மா. கல்யாணமான நாளிலிருந்து பஸ்ஸோ ரயிலோ, ஜன்னலோரம் எப்போதும் கம்பவுண்டருக்குத்தான். "ஜன்னல் சீட்டாப் பார்த்துக் குடும்மா."